தலைப்பைப் பொருள்கொள்ளும் முறை

அறிவியல் ஆய்வுக் கட்டுரை என்றவுடன் தமிழ் மாணவர் ஒதுங்கிக்கொள்வதுண்டு. ஆயினும், அத்தகைய கட்டுரையின் தலைப்பைப் பிரித்துப் பொருள்கொள்ளும் முறை நம் இலக்கணத்திற்குப் புதிதன்று.

அடைமொழி இருவகைப்படும். செந்தாமரை என்னுமிடத்து, வெண்டாமரையும் உண்டாதலின், ‘செம்மை’ அதனை விலக்குகிறது. இஃது இனமுள்ள அடை. செஞ்ஞாயிறு என்னுமிடத்து விலக்குதற்கு வேறு ஞாயிறு இல்லை. இஃது இனமில்லா அடை. அறிவியல் தலைப்பில் வரும் அடைகள் பெரும்பாலும் முதல்வகையின. அவை எதனை விலக்குகின்றன என்று காண்பதே வாசிப்பின் முதற்படி.

1928இல் சி.வி.இராமனும் கே.எஸ்.கிருஷ்ணனும் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பை ‘இரண்டாம்நிலைக் கதிர்வீச்சின் ஒரு புதிய வகை’ எனத் தமிழாக்கலாம். ‘புதிய’ என்னும் அடை ‘வகை’யைத் தழுவிற்றேயன்றிக் ‘கதிர்வீச்சை’த் தழுவவில்லை. இரண்டாம்நிலைக் கதிர்வீச்சு முன்னரே அறியப்பட்டது, வகையே புதிது. இவ்வாறு எல்லை வகுத்துரைத்த கண்டுபிடிப்பே இராமனுக்கு 1930இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது.

எல்லையை மறந்து பொருள்கொண்டால் உயிருக்கே ஊறு நேரும். 2020 ஜூலையில் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்’ வெளியிட்ட கட்டுரையொன்றின் தலைப்பு, ‘மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கோவிட்-19 நோயாளரிடத்து டெக்சாமெதசோன்: முதற்கட்ட அறிக்கை’ எனப் பொருள்படும். மருந்து எது, நோய் எது, ஆய்வு எவரிடத்து, எந்நிலையில் என்னும் நான்கும் இதனுள் அடங்கின. ‘மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட’ என்னும் அடை, வீட்டிலிருந்த நோயாளரை விலக்கி நிற்கிறது.

அம்மருந்து தந்த பயன் யாது? அதனைத் தலைப்பு கூறவில்லை, கட்டுரை கூறுகிறது. செயற்கைச் சுவாசம் பெற்றோருள் 28 நாள்களில் இறந்தோர், மருந்து பெற்றவரிடை 29.3 விழுக்காடு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவரிடை 41.4 விழுக்காடு. ஆக்சிஜன் உதவி தேவைப்படாதோரிடத்தோ நன்மை காணப்படவில்லை. 2021இல் நம் நாட்டில் கரும்பூஞ்சை நோய் பெருகியபோது, கட்டுப்பாடற்ற நீரிழிவுடன், இத்தகைய ஸ்டீராய்டு மருந்துகளை முறையின்றிப் பயன்படுத்தியதும் காரணமாகச் சுட்டப்பட்டது.

வேற்றுமை உருபும் கருதத்தக்கது. ‘எலிகளில்’ என்றுள்ள தலைப்பு மனிதரைக் குறித்து எவ்வுறுதியும் அளிப்பதன்று. நாளிதழ்ச் செய்தியோ அவ்வொரு சொல்லை எளிதில் விட்டுவிடும்.

ஆதலின், வீட்டுப் பெரியோர் செய்தித்தாளைக் காட்டி, “இம்மருந்தை உண்ணலாமா?” என வினவும்போது, மாணவர் மூலக் கட்டுரையின் தலைப்பைத் தேடிப் படிக்க வேண்டும். எது, எவரிடத்து, எந்நிலையில் என்று வினவ வேண்டும். அதன்பின் அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். தலைப்பு பெரும்பாலும் வினாவை உணர்த்தும்; விடை உள்ளேதான் இருக்கும்.