ஒரே சாவியைச் செய்யும் செல்கள்

குருதியில் எதிர்ப்பொருள்கள் குறைந்தவரைக் கிருமிகள் எளிதில் தாக்கும். இது நாம் அறிந்ததே. எதிர்ப்பொருள்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருந்தும் ஒருவருக்கு அடிக்கடி நிமோனியா வருமா? மல்டிபிள் மைலோமா என்னும் அரிய குருதிப் புற்றுநோயில் வருகிறது.

எதிர்ப்பொருள்களைச் செய்து தருபவை, எலும்பு மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா செல்கள். ஒரு செல் ஒரு வகையைத்தான் செய்யும். செல்கள் பலவாதலால் வகைகளும் பல. ஒவ்வொரு கிருமியும் ஒரு பூட்டு என்றால், உடல் வைத்திருப்பது பெரியதொரு சாவிக்கொத்து. இச்செல்களுள் ஒன்று கட்டுக்கடங்காமல் பெருகுவதே மைலோமா. அதன் வழிவந்தவை அனைத்தும் ஒரே சாவியைக் கோடி கோடியாக வார்த்துத் தள்ளுகின்றன. அதனால் பயன் ஏதுமில்லை. நல்ல செல்களோ இடமின்றி ஒடுங்க, வேண்டிய சாவிகள் அருகிப்போகின்றன.

இதைக் கண்டறியும் முறை இயற்பியல் மாணவருக்கு இனிக்கும். புரதங்கள் மின்னூட்டம் உடையவை. குருதிச் சீரத்தை ஜெல் படலத்தில் வைத்து மின்னழுத்தம் கொடுத்தால், அவை தத்தம் வேகத்தில் நகர்ந்து பிரியும். எலக்ட்ரோபோரெசிஸ் எனப்படும் இம்முறைக்கு அடிகோலிய சுவீடன் அறிஞர் டிசீலியஸ் 1948-இல் நோபல் பரிசு பெற்றார். நலமானவரின் எதிர்ப்பொருள்கள் பலவகையானதால் வரைபடத்தில் அகன்ற மேடாகத் தெரியும். மைலோமாவில் அவ்விடத்தில் ஒற்றைப் பனைபோல் ஒரு கூர்முனை எழுந்து நிற்கும்!

இப்புரதத்தின் உதிரித் துணுக்குகள் சிறுநீரகக் குழல்களை அடைக்கும். எலும்பும் அரிக்கப்படும். ரப்பர் வெட்டும் முதியவர் முதுகு வலிக்கிறது என்றால், வயதைக் காரணம் காட்டி வலிமாத்திரை வாங்கித் தருகிறோம். பெரும்பாலும் காரணம் வயதாகவே இருக்கும். ஆனால் விடாத வலியுடன் சோகையும் அடிக்கடி காய்ச்சலும் சேர்ந்தால், குருதியைச் சோதிக்கத்தான் வேண்டும். சில வலிமாத்திரைகள் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

மணவாளக்குறிச்சி மணலின் தோரியம்தான் காரணமா என்று நம் பகுதி மாணவர்கள் கேட்கக்கூடும். அத்தகைய மணலே உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரி பத்தாண்டுகளுக்கு மேல் கண்காணித்த ஆய்வு 2009-இல் வெளியாயிற்று. மணலின் கதிர்வீச்சால் புற்றுநோய் மிகுந்ததாக அதில் தெரியவில்லை. அரிய நோய்களில் எண்ணிக்கை சிறிதாகவே கிடைக்கும் என்பதையும் மறக்கலாகாது.

மைலோமா முற்றாக நீங்குவது அரிது. எனினும் லெனாலிடோமைடு, போர்ட்டிசோமிப் முதலிய மருந்துகளாலும், நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களை எடுத்துவைத்துத் திரும்பச் செலுத்துவதாலும் பல ஆண்டுகள் அடக்கி வைக்க இயலும். சிகிச்சையும் எதிர்ப்பாற்றலைக் குறைப்பதால் ஃபுளூ, நிமோகாக்கஸ் தடுப்பூசிகள் போடுகின்றனர். காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவமனைக்கு வரச் சொல்கின்றனர்.