தில்லியிலிருந்து தீவுகளுக்கு

தலைநகரில் வாழும் தமிழ் மக்கள் விடுமுறை கிடைத்தால் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஏறிச் சொந்த ஊருக்குச் சென்று வருவதே நெடுங்கால வழக்கம். உற்றார் உறவினரைக் கண்டு, குலதெய்வத்தை வணங்கி, ஊறுகாய்ச் சாடியும் அப்பளக் கட்டுமாகத் திரும்புவார்கள். அண்மை ஆண்டுகளில் இந்த வழக்கத்துடன் வேறோர் ஆசையும் சேர்ந்திருக்கிறது. அந்தமானையும் இலட்சத் தீவுகளையும் ஒரு முறையேனும் பார்த்துவிட வேண்டும் என்று பலரும் விரும்புகின்றனர். மைய அரசு ஊழியர்கள் விடுப்புப் பயணச் சலுகையைக் கொண்டு அந்தமானுக்கு விமானத்தில் சென்று வரச் சிறப்பு அனுமதிகள் அளிக்கப்பட்டு வந்திருப்பதும் இவ்வாசைக்குத் துணை செய்திருக்கிறது. இத்தகைய பயணத்துக்கு எவ்வாறு திட்டமிடுவது என்பதை இங்கே ஆராய்வோம்.

நிலத்தில் செய்யும் பயணத்துக்கும் தீவுப் பயணத்துக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. நிலத்தில் ஒரு ரயிலைத் தவறவிட்டால் மற்றொன்றைப் பிடிக்கலாம். ஒரு விடுதியில் இடமில்லை என்றால் அடுத்த தெருவுக்குச் செல்லலாம். தீவிலோ எல்லாம் அளவுபட்டவை. குடிநீர் அளவுபட்டது, படகு அளவுபட்டது, மருத்துவ வசதியும் அளவுபட்டது. கடல் கொந்தளித்தால் அந்த அளவும் குறைந்துவிடும். ஆதலின், நம் விடுமுறைக்கு ஏற்றபடி தீவு அமையவேண்டும் என்று எதிர்பார்ப்பது பயனற்றது. தீவின் நிலைக்கு ஏற்றபடி நம் பயணத்தை அமைத்துக்கொள்வதே முறை.

முதலில் இவ்விரு தீவுக் கூட்டங்களின் இயல்பை அறிந்துகொள்வோம். அந்தமானும் நிக்கோபாரும் வங்கக் கடலில் வடக்குத் தெற்காக 700 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடப்பவை. இவற்றின் மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி அடர்ந்த காடு. நூற்றுக்கணக்கான தீவுகள் இருப்பினும், மக்கள் குடியிருப்பவை சிலவே. அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் இடையே ‘பத்துப் பாகைக் கால்வாய்’ எனப்படும் அகன்ற கடல் கிடக்கிறது. நிக்கோபார் தமிழருக்குப் புதிய இடமன்று. இராசேந்திர சோழனின் தஞ்சைக் கல்வெட்டு அதனை மாநக்கவாரம் என்று குறிக்கிறது.

இலட்சத் தீவுகளோ மேற்கே அரபிக் கடலில் உள்ளவை. பவளப் பூச்சிகளின் சுண்ணாம்புக் கூடுகளால் உருவானவை. கடல் மட்டத்துக்கு மேல் சில மீட்டர் உயரமே உடையவை. அனைத்துத் தீவுகளையும் சேர்த்தாலும் பரப்பு 32 சதுர கிலோமீட்டர்தான். தில்லிவாசிகளுக்கு விளங்கும்படி சொன்னால், புதுதில்லி நகராட்சி மன்றத்தின் எல்லைக்குட்பட்ட பகுதியைக் காட்டிலும் இது சிறியது. இதற்குள் மக்கள் வாழும் தீவுகள் பத்து. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவற்றில் 64,473 பேர் வாழ்ந்தனர்.

எப்போது செல்வது என்பதே திட்டமிடுவோர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. இங்கேதான் தில்லி மக்களுக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. நம் குழந்தைகளின் நீண்ட விடுமுறை மே, ஜூன் மாதங்களில் வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று இந்திய மண்ணில் முதன்முதலாக அடியெடுத்து வைப்பதோ மே மாதத்தின் பிற்பகுதியில் அந்தமான் தீவுகளில்தான். லோதி சாலையிலுள்ள வானிலைத் துறைத் தலைமையகம் அச்செய்தியை வெளியிடும்போது, தில்லியில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். அந்தமானில் கடல் பொங்கிக்கொண்டிருக்கும். அத்தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவம் ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவம் தொடங்கிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல்கள் தோன்றும் காலம். ஆகவே அந்தமானுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான நான்கு மாதங்களே ஏற்றவை. இலட்சத் தீவுகளுக்கு அக்டோபர் முதல் மே மாதத்தின் நடுப்பகுதி வரை செல்லலாம். ஜூன் பிறந்தால் அரபிக் கடல் முரட்டுக் கடலாகிவிடும். பள்ளிக் குழந்தைகளை அழைத்துச் செல்வோர் ஜனவரியில் வரும் குளிர்கால விடுமுறையைப் பயன்படுத்திக்கொள்வது நலம்.

பருவத்தைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்கு ஒரு சான்று கூறலாம். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அந்தமானில் கடுங்காற்றும் மழையும் வீசின. ஹாவ்லாக், நீல் என்ற இரு தீவுகளுக்குச் சென்றிருந்த பயணிகள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் படகுப் போக்குவரத்து நின்றுபோனதால் அங்கேயே அகப்பட்டுக்கொண்டனர். கடற்படைக் கப்பல்களும் மற்றக் கலங்களும் சென்றே அவர்களை மீட்டன. அத்தீவுகளுக்கு 2018-ஆம் ஆண்டு முதல் சுவராஜ் தீவு, சகீத் தீவு என்ற பெயர்கள் வழங்குகின்றன. இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது யாதெனில், சிறு தீவிலிருந்து தலைமை ஊருக்குத் திரும்பும் நாளையும், அங்கிருந்து விமானம் ஏறும் நாளையும் ஒரே நாளாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பதாகும். இடையில் ஒரு நாளேனும், இயன்றால் இரண்டு நாட்களேனும், வெறுமையாக விட்டுவைக்க வேண்டும். கடல் அமைதியாக இருந்தால் அந்நாள் ஓய்வுக்குப் பயன்படும். இல்லையேல் அதுவே நம்மைக் காக்கும்.

அடுத்தது வழி. அந்தமானின் தலைமை ஊராகிய போர்ட் பிளேருக்கு 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயரிடப்பட்டது. சென்னையிலிருந்து அது ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. விமானம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். கப்பல் செல்ல ஏறக்குறைய மூன்று நாட்கள் ஆகும். கப்பல்கள் மாதத்தில் சில தடவைகளே புறப்படுவதால், தில்லியிலிருந்து வருவோர் கப்பலின் நாளைத் தெரிந்துகொண்ட பின்பே ரயிலுக்குப் பதிவு செய்யவேண்டும். இலட்சத் தீவுகளுக்குக் கொச்சியே வாயில். அங்கிருந்து அகத்தித் தீவுக்குச் சிறு விமானம் செல்கிறது. கப்பலில் சென்றால் தீவைப் பொறுத்து 14 முதல் 20 மணி நேரம் வரை ஆகலாம். கடல் மயக்கத்துக்குரிய மருந்தைப் புறப்படுவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

நேரத்தைக் குறித்தும் ஒரு சொல். நாடு முழுவதற்கும் கடிகாரம் ஒன்றே. கதிரவன் அவ்வாறு அல்லன். போர்ட் பிளேர், தில்லிக்குக் கிழக்கே 15 பாகைக்கு மேல் தள்ளியிருப்பதால், அங்கே கதிரவன் நம் ஊரைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே நண்பகலைக் கடக்கிறான். குளிர்காலத்தில் மாலை ஐந்தரை மணிக்கெல்லாம் இருள் சூழ்ந்துவிடும். எனவே காண வேண்டியவற்றையெல்லாம் காலையிலேயே தொடங்க வேண்டும். தில்லி வழக்கப்படி பத்து மணிக்குப் புறப்படுவோர் அரைநாளை இழந்தவராவர்.

மூன்றாவது, அனுமதி. அந்தமானின் தலைமை ஊருக்கும் பயணிகள் வழக்கமாகச் செல்லும் தீவுகளுக்கும் இந்தியக் குடிமக்கள் தடையின்றிச் செல்லலாம். நிக்கோபார் தீவுகள் பழங்குடி மக்களுக்கென ஒதுக்கப்பட்டவை. தனி அனுமதியின்றிச் செல்ல இயலாது. இலட்சத் தீவுகளுக்கும் அத்தீவினர் அல்லாத இந்தியர் அனைவரும் நுழைவு அனுமதி பெறவேண்டும். விண்ணப்பித்து அனுமதி கிடைக்கச் சில வாரங்கள் ஆகலாம். ஆகையால் அனுமதி கைக்கு வருமுன் பயணச் சீட்டுக்குப் பணம் கட்டிவிடுவது அறிவுடைமை ஆகாது.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று சிலர் கேட்கலாம். இலட்சத் தீவுகளின் தண்ணீரை எண்ணிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். அங்கே ஆறு இல்லை. பெய்யும் மழை பவள மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. நன்னீர் இலேசானது, உப்பு நீர் கனமானது என்பதே இதற்குக் காரணம். அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு நீர் மேலேறிக் கிணறு கெட்டுவிடும். இதனாலேயே சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் கவரத்தித் தீவில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்றை அமைத்தது. வெதுவெதுப்பான மேற்பரப்பு நீரைக் குறைந்த காற்றழுத்தத்தில் ஆவியாக்கி, ஆழ்கடலின் குளிர்நீரால் அந்த ஆவியை மீண்டும் நீராக்குவது அதன் முறை. நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் கிடைக்கும்படி அது அமைக்கப்பட்டது. அவ்வாறு அரிதிற் பெறும் நீரில் நாமும் பங்கு கொள்கிறோம் என்பதை, அங்கே குளிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் மறத்தலாகாது.

இனி, செல்லக் கூடாத இடங்களைப் பற்றிக் கூறவேண்டும். இதுவும் திட்டத்தின் ஒரு பகுதியே. மிக முக்கியமான பகுதி என்றும் சொல்லலாம். ஆங்கிலேயர் 1858-ஆம் ஆண்டில் அந்தமானில் கைதிகளின் குடியேற்றத்தை நிறுவியபோது, பெரும் அந்தமானியர் எனப்படும் பழங்குடியினர் ஆயிரக்கணக்கில் வாழ்ந்தனர். வெளியாரோடு வந்த நோய்கள் அவர்களிடையே பரவின. 1877-ஆம் ஆண்டில் மணல்வாரி அம்மை பலரை வாரிக்கொண்டு போயிற்று. 1961-ஆம் ஆண்டில் எஞ்சியிருந்தவர் 19 பேரே. இன்று அவர்கள் ஐம்பது பேர் அளவில் இருக்கின்றனர். நமக்கு ஒரு வாரக் காய்ச்சலாக முடிகிற நோய், அதனை என்றும் அறியாத உடலுக்குக் கூற்றமாகிவிடுகிறது.

இந்த வரலாற்றை மனத்தில் கொண்டே 1956-ஆம் ஆண்டில் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. வடசென்டினல் தீவின் மக்கள் வெளியுலகத் தொடர்பை வேண்டாமென்று தெளிவாகக் காட்டி வருகின்றனர். அத்தீவையும் அதைச் சூழ்ந்த கடலையும் அணுகுவது சட்டப்படி குற்றம். தடையை மீறி 2018-ஆம் ஆண்டில் அங்கே இறங்கிய வெளிநாட்டார் ஒருவர் உயிரிழந்தார். 2025-ஆம் ஆண்டில் இறங்கிய மற்றொருவர் கைது செய்யப்பட்டார். யாரேனும் ஒரு படகுக்காரர், தொலைவிலிருந்து காட்டுகிறேன் என்று கூறினாலும் மறுத்துவிட வேண்டும்.

ஜாரவா மக்கள் வாழும் காட்டின் ஊடே செல்லும் அந்தமான் நெடுஞ்சாலையிலும் இதே கடமை உண்டு. பாராடாங்கிலுள்ள சுண்ணாம்புக் குகைகளைக் காண்பதற்கு இச்சாலை வழியே பலர் செல்கின்றனர். வாகனங்கள் குறித்த நேரத்தில் காவலுடன் வரிசையாக அனுப்பப்படும். இடையில் நிறுத்துவதும், படம் எடுப்பதும், தின்பண்டம் நீட்டுவதும் தண்டனைக்குரியவை. மனிதரை வேடிக்கைப் பொருளாகக் காண்பது பண்பாடும் அன்று. வழியில் ஜாரவா மக்களைக் காணலாம் என்று ஆசை காட்டும் ஏற்பாட்டாளரை விலக்கிவிடுங்கள்.

கடலைப் பற்றிய எச்சரிக்கையும் வேண்டும். உவர்நீர் முதலைகள் நடமாடும் கரைகளில் அறிவிப்புப் பலகைகள் இருக்கும். அவற்றை மதித்து நடக்க வேண்டும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் இத்தீவுகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனையில் நிலமே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட கச்சால் தீவும் பெருஞ்சேதத்துக்கு உள்ளாயிற்று. ஆதலால் கரையில் இருக்கும்போது நிலம் வலுவாக அதிர்ந்தால், அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டு நிலத்துக்கு விரைய வேண்டும்.

கொண்டு செல்லும் பொருள்களில் வழக்கமாக உண்ணும் மருந்துகளும், போதிய ரொக்கமும், அடையாள அட்டையும் இன்றியமையாதவை. பிளாஸ்டிக் புட்டிகளை விடுத்து, நீர் நிரப்பக்கூடிய கலம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். வண்டூரிலுள்ள மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்த ஜாலி பாய் தீவுக்குள் பிளாஸ்டிக் புட்டிகளுக்கு இடமில்லை. திரும்பும்போது பவளத் துண்டு ஒன்றைக்கூட எடுத்துவரலாகாது. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பைப் பெற்ற உயிரினம். விமான நிலையத்தில் பைகளைச் சோதிப்பார்கள். கடல்நீர் சூடேறியதால் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இத்தீவுகளின் பவளங்கள் வெளுத்துப் பெரிதும் நலிந்தன. நலிந்ததை மிதித்து உடைக்காமல் இருப்பது நம் கையில் உள்ளது.

இவ்வளவு கட்டுப்பாடுகளைக் கேட்டு யாரும் தயங்க வேண்டுவதில்லை. 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட சிறைக்கோட்டத்தின் கொட்டடிகளில் நின்று, விடுதலைக்காக வாடியவர்களை நினைத்துப் பார்ப்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிடைக்க வேண்டிய பேறு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அந்தமான் நிக்கோபார் மக்களுள் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழ் பேசுவோர். கடைத்தெருவில் நம் மொழியைக் கேட்டு மகிழலாம். தில்லியில் உள்ள நேயர்கள் தீபாவளிக்கு முன்பே நாளைக் குறித்து, அனுமதியும் பயணச் சீட்டும் பெற்று, தைப் பொங்கலையொட்டிப் புறப்பட்டால் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். இடையிடையே ஓய்வு நாட்களை விட்டு, செல்லத் தகாத இடங்களைத் திட்டத்திலிருந்து முதலிலேயே நீக்கிவிட்டுப் புறப்படும் குடும்பம், தானும் நலமாகத் திரும்பும். தீவையும் நலமாக விட்டுவரும்.