ஆறாம் வகுப்பு எந்த ஊரில்?

மே மாதம் வந்துவிட்டால் மங்களூர் ஒன்றியத்துக் கிராமங்களில் பெற்றோருக்கு ஒரே யோசனைதான். அஞ்சாவது முடித்த பிள்ளையை ஆறாவதுக்கு எங்கே சேர்ப்பது? ஊரில் இருப்பது தொடக்கப் பள்ளி என்றால் டி.சி. வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குத்தான் போக வேண்டும். நடுநிலைப் பள்ளி என்றால் எட்டாவது வரை கவலையில்லை. ஆனால், ஆறு, ஏழு, எட்டைப் பெரிய ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடலாமா என்ற பேச்சு எழுந்தால், அந்தக் கவலையின்மையும் போய்விடும்.

கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வி மாவட்டத்தில் இருக்கிறது மங்களூர் ஒன்றியம். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரிச் சீமை. ஊர் ஓரிடம், தலித் மக்களின் காலனி ஓரிடம், காட்டுக்கொட்டாய்கள் வயலுக்கு நடுவே என்று வீடுகள் சிதறிக் கிடக்கும். தொழுதூர், ராமநத்தம் வழியாகச் சென்னை - திருச்சி நெடுஞ்சாலை ஒன்றியத்தை அறுத்துக்கொண்டு போகிறது. பத்து வயதுப் பிள்ளை அந்தச் சாலையைத் தினம் இரண்டு முறை கடக்க வேண்டுமா என்பது இங்கே உயிர்ப் பிரச்சினை.

சட்டம் என்ன சொல்கிறது? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளைத் தொடக்கக் கல்வி என்று ஒரே தொகுப்பாகப் பார்க்கிறது. அதையொட்டித் தமிழ்நாடு 2011-இல் வகுத்த விதிகளின்படி, ஒன்று முதல் ஐந்து வரைக்கு 1 கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரைக்கு 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும். தாளில் பார்த்தால் 3 கிலோமீட்டர் சின்னத் தூரம்தான். ஆனால் மாலை ஐந்து மணிக்கு ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம் நிற்கும் வண்டிப்பாதையில் தனியாக நடந்து வரும் பெண் பிள்ளைக்கு அது சின்னத் தூரமா? பள்ளி வசதி எட்டாத குடியிருப்புகளின் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து, வழிக்காவலர் உதவி உண்டு. விதிப்படி பள்ளி எட்டும் தூரத்தில் இருப்பதாகக் கணக்கானால் அந்த உதவிக்கும் வழியில்லை.

ஆறு, ஏழு, எட்டைப் பெரிய பள்ளிக்கு நகர்த்தலாம் என்பவர்களின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஆறு முதல் எட்டு வரை மூன்று வகுப்புக்கும் சேர்த்து இருபது, இருபத்தைந்து பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் கிடைப்பது அரிது. கணக்கு, அறிவியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் என்று குறைந்தது மூன்று ஆசிரியர்கள் வேண்டும் என்கிறது சட்டம். ஒரே ஓர் இடம் காலியானாலும், அறிவியல் படித்தவர் ஆங்கிலத்தையும் சேர்த்து எடுக்க வேண்டியதாகிறது. உயர்நிலைப் பள்ளியில் ஆய்வகம் இருக்கும், விளையாட்டு ஆசிரியர் இருப்பார், பத்தாவது வரை ஒரே இடத்தில் படிக்கலாம். 'எங்க காலத்துல மாதிரி எட்டாவதோட நின்னுடக் கூடாது சார்' என்று ஒரு தகப்பன் சொன்னால், அதில் ஒரு தலைமுறையின் ஏக்கம் இருக்கிறது. அவரிடம் போய்த் தூரக் கணக்கை மட்டும் பேசிக்கொண்டிருக்க எனக்கு மனம் வராது.

ஊர்ப் பள்ளியையே உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்துவதிலும் சிக்கல் இருக்கிறது. அப்படி உயர்த்தும்போது ஒன்று முதல் ஐந்து வரை தனித் தொடக்கப் பள்ளியாகப் பிரிந்துவிடும். ஆறாவதிலிருந்து மேலே இருப்பவை வேறு இயக்ககத்தின் கீழ் போய்விடும். ஒரே சுற்றுச்சுவருக்குள் இரண்டு தலைமையாசிரியர், இரண்டு வருகைப் பதிவேடு. இதனால் ஊருக்கு நன்மைதான், மறுக்கவில்லை. பிரிந்து நிற்கும் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போனால் என்ன ஆகும் என்ற பயம்தான் பெற்றோரை உறுத்துகிறது. 2019-இல் ஒரு பிள்ளைகூடச் சேராத 46 பள்ளிகளை நூலகமாக்குவதாக அரசு அறிவித்ததை மக்கள் மறக்கவில்லை. அதே ஆண்டு, அருகிலுள்ள தொடக்க, நடுநிலைப் பள்ளிகளை மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரின் மேற்பார்வையில் கொண்டுவர ஓர் ஆணை வந்தது. ஆசிரியர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவதாக 2023 நிதிநிலை அறிக்கை சொன்னபோது தலித் அமைப்புகளிடமிருந்து எதிர்ப்பு வந்ததற்கும் காரணம் உண்டு. பள்ளி ஊருக்குள் இருக்கிறதா, காலனியில் இருக்கிறதா என்பது இந்தச் சீமையில் வெறும் முகவரி விவகாரமல்ல. காலனிப் பிள்ளை ஊருக்குள் போய்ப் படிப்பது எளிது என்றும், ஊர்ப் பிள்ளை காலனிக்கு வந்து படிக்காது என்றும் முடிவு செய்துகொண்டு இடம் தேர்ந்தால், அந்த இணைப்பு யாருக்காக என்று கேட்கத்தான் வேண்டும்.

இந்தச் சண்டை நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் எட்டு வகுப்புப் பள்ளிகளை உடைத்து இடைநிலைப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி வைக்கும் வழக்கம் 1909 வாக்கில் ஒஹையோவின் கொலம்பஸ் நகரிலும் கலிபோர்னியாவின் பெர்க்லியிலும் தொடங்கியது. நூறு ஆண்டு கழித்து, 2010-இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜோனா ராக்காஃப், பெஞ்சமின் லாக்வுட் இருவரும் நியூயார்க் நகரப் பிள்ளைகளின் மதிப்பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். எட்டாவது வரை ஒரே பள்ளியில் இருந்தவர்களைவிட, ஆறாவதிலோ ஏழாவதிலோ தனி இடைநிலைப் பள்ளிக்கு மாறியவர்கள் பின்தங்கினார்கள். புளோரிடாவில் கீடோ ஷ்வெர்ட், மார்ட்டின் வெஸ்ட் செய்த ஆய்வும் இதையே சொன்னது. அங்கே வீட்டு முகவரிதான் பள்ளியைத் தீர்மானிக்கிறது. எல்லைக்கோட்டை மாற்றினால் தெருவே கொதித்தெழும். நமக்கு அப்படிக் கோடு இல்லை, எந்த அரசுப் பள்ளியிலும் சேரலாம். ஆனால் பேருந்து வராத ஊர்ப் பிள்ளைக்கு அந்தச் சுதந்திரத்தால் என்ன பயன்? நியூயார்க் முடிவை அப்படியே மங்களூருக்குப் பொருத்த முடியாதுதான். இருந்தாலும், பதினொரு வயதில் பள்ளி மாறுவது படிப்பைப் பாதிக்கலாம் என்பதை இடம் மாற்ற நினைக்கும் அதிகாரிகள் ஒரு முறையாவது யோசிக்க வேண்டும்.

நம் மாநிலத்தில் ஆறாவதுக்கு வேறொரு கனமும் சேர்ந்திருக்கிறது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு, கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் ஆகியவற்றின் பலனுக்கு ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரையிலான அரசுப் பள்ளிப் படிப்பு முக்கிய அடிப்படை. ஊரில் ஆறாவது இல்லையென்று மெட்ரிக் பள்ளி வேனில் ஏற்றிவிடும் குடும்பம், ஏழாண்டு கழித்துக் கிடைக்க வேண்டியதையும் அன்றே விட்டுவிடுகிறது. பசியின் கணக்கும் இங்கேதான் மாறுகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் வகுக்கப்பட்டது. ஒரே நடுநிலைப் பள்ளியில் தங்கை உப்புமா சாப்பிட, ஆறாவது படிக்கும் அண்ணன் வெறும் வயிற்றோடு பிரார்த்தனைக் கூட்டத்தில் நிற்கிறான். அந்த அண்ணனை இன்னும் 3 கிலோமீட்டர் நடக்கச் சொல்வதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

என் கருத்து இதுதான். எட்டாவது வரை பிள்ளை சொந்த ஊரில் படிக்கட்டும். ஆசிரியர் பற்றாக்குறைக்கு ஆசிரியரை அனுப்புவதே மருந்து, பிள்ளையை நடக்கவிடுவதல்ல. ஒரு கணக்கு ஆசிரியர் வாரத்தில் சில நாள் ஓர் ஊர், சில நாள் அடுத்த ஊர் என்று வண்டியில் போய்வரலாம். ஒன்பதாவதுக்குப் போகும்போது பதினான்கு வயது. அதற்குள் பேருந்து ஏறவும் சாலை கடக்கவும் பிள்ளை பழகியிருக்கும்.

தவிர்க்க முடியாமல் இணைத்தே ஆக வேண்டும் என்றால், பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்க வேண்டியவை சில உண்டு. காலை எட்டரைக்கும் மாலை நாலரைக்கும் ஓடும் பேருந்தின் தடம் முதலில் அறிவிக்கப்பட்டதா? நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் சுரங்கப்பாதையோ காவலரோ இருக்கிறதா? காட்டுக்கொட்டாய்ப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் கல்வித் துறையின் எமிஸ் மாணவர் பதிவோடு ஒத்துப்போகிறதா? கள்ளக்குறிச்சி, பெரம்பலூர் எல்லைக்கு அப்பால் இருக்கும் பள்ளிதான் கிட்டத்தில் என்றால், இரண்டு மாவட்ட அதிகாரிகளும் பேசினார்களா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வந்த பிறகு ஊர் கையெழுத்துப் போடட்டும். அதுவரை ஆறாவது வகுப்பு இப்போது நடக்கும் அறையிலேயே நடக்கட்டும்.