ஏதோ ஒரு வீடா, எங்கள் வீடா?

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம் எங்களுடையது. 2015இல், விட்டுவந்த வீட்டுக்குத் திரும்ப அனுமதி கேட்டுக் கொழும்பிலுள்ள ஓர் அலுவலகத்துக்கு நானே ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். ஒவ்வொரு முறையும் பிறர் வாசலில் நின்று எழுதுவித்துக் களைத்துப் போயிருந்தேன். சாதாரண தரம் வரை படித்த ஆங்கிலம் போதும் என்று நினைத்தேன்.

"வீ வோன்ட் ஏ ஹவுஸ்" என்று எழுதினேன். பதில் வந்தது. வேறு இடத்தில் காணி இருந்தால் வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது. எனக்கு அழுகை வந்தது.

பக்கத்து வீட்டில் இளைப்பாறிய ஆங்கில ஆசிரியை ஒருவர் இருந்தார். கடிதத்தின் பிரதியைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, நீர் ஏதோ ஒரு வீட்டைத்தான் கேட்டிருக்கிறீர். அவையும் அதற்குத்தான் பதில் எழுதியிருக்கினம்" என்றார்.

அன்று அவர் சொல்லித் தந்ததை உங்களுக்கும் சொல்கிறேன், சகோதரிகளே.

நாம் கதை சொல்லும்போது, "ஒரு ஊரில் ஒரு ராசா இருந்தார். அந்த ராசாவுக்கு மூன்று பிள்ளைகள்" என்போம். முதலில் 'ஒரு', பிறகு 'அந்த'. ஆங்கிலத்தில் 'ஏ' என்பது அந்த 'ஒரு' போன்றது. கேட்பவருக்கு எது என்று இன்னும் தெரியாத பொருளுக்கு அது வரும். இன்னது என்று இருவருக்கும் தெரிந்த பின் 'த' வரும். சூரியன், சந்திரன் போல நமக்கு ஒன்றே ஒன்றாக உள்ளவற்றுக்கும் 'த' வரும். தமிழில் 'அந்தச் சூரியன்' என்று சொல்லமாட்டோம். அதனால்தான் நாம் இதை மறந்துவிடுகிறோம்.

'ஏ', 'அன்' இரண்டும் ஒரே பொருள்தான். அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் 'அன்'. எழுத்தைப் பார்க்கக்கூடாது, ஒலியைக் கேட்கவேண்டும். 'அம்ப்ரெல்லா'வுக்கு 'அன்'. 'யூனிபோம்' அதே எழுத்தில் தொடங்கினாலும் 'ஏ'. 'அவர்' என்று நேரத்தைச் சொல்லும் சொல்லின் முதலெழுத்து ஒலிப்பதில்லை, ஆகவே 'அன் அவர்'.

ஒன்று, இரண்டு என்று எண்ணமுடியாத தண்ணீர், அரிசி போன்றவற்றுக்கு முன் 'ஏ' போடுவதில்லை. 'மை', 'அவர்' என்று என்னுடைய, எங்களுடைய என்பதைச் சொன்னால் இந்தச் சின்னச் சொற்கள் எதுவுமே வேண்டாம்.

ரீச்சரின் மேசையிலேயே இருந்து திருத்தி எழுதினேன். "வீ வோன்ட் டு கோ பாக் டு அவர் ஹவுஸ்." அடுத்த வரியில், "த ஹவுஸ்" என்று தொடங்கி ஊரின் பெயரையும் ஒழுங்கையையும் எழுதினேன்.

வீடு உடனே கிடைத்துவிடவில்லை. ஆனால் அடுத்த பதிலில் காணி உறுதியின் பிரதியைக் கேட்டிருந்தார்கள். எங்கள் வீட்டைப் பற்றி அவர்கள் கேட்ட முதல் கேள்வி அது.

நீங்களும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினால், அனுப்பமுன் ஒருமுறை பாருங்கள். ஏதோ ஒன்றைக் கேட்கிறீர்களா, உங்களுடையதையே கேட்கிறீர்களா?