குலுக்கிப் போட்ட மரத்துண்டு

ஐ.பி.ஓ. எனும் புதுப் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் சில நாட்களுக்கு ஒரே கேள்வியாக இருப்பார்கள்: ‘அலாட்மென்ட் ஆச்சா?’ லண்டனில் ஒரு பெரியவர் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ‘அலாட்மென்ட்டுக்குப் போய்ட்டு வர்றேன்’ என்றால் கதையே வேறு. அவர் போவது காய்கறித் தோட்டத்துக்கு.

சொல்லின் வேர் ‘லாட்’. யாருக்கு எது என்று முடிவுகட்டக் குலுக்கிப் போட்ட மரத்துண்டு போன்ற பொருளுக்குப் பழைய ஆங்கிலத்தில் இந்தப் பெயர் இருந்தது. லாட்டரியும் அதே குடும்பம்தான். குலுக்கலில் கிடைத்த பங்குக்கும், பிறகு பங்காக வந்த நிலத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழில் ‘ஒதுக்கீடு’ என்கிறோம். பொருத்தமான சொல்தான், குலுக்கலின் வாசனைதான் அதில் இல்லை.

பங்குச் சந்தையில் அந்த வாசனை இன்னும் போகவில்லை. சிறு முதலீட்டாளர் இரண்டு லட்சம் ரூபாய் வரை கேட்கலாம், அதுவும் ‘லாட்’ எனும் பங்குக் கட்டுகளின் கணக்கில். விண்ணப்பித்தவர்கள், இருக்கிற லாட்டுகளைவிட அதிகமாகிவிட்டால் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி குலுக்கல். பெயர் விழுந்தவர்களுக்கு ஆளுக்கொரு லாட். ஒரு லாட் கேட்டவருக்கும் பதின்மூன்று லாட் கேட்டவருக்கும் அப்போது வாய்ப்பு ஒன்றே. நிறையக் கேட்டால் கொஞ்சமாவது தேறும் என்று நினைப்பவருக்கு மிஞ்சுவது, வங்கிக் கணக்கில் சில நாள் முடங்கிக் கிடக்கும் பணம் மட்டுமே.

தோட்டத்தின் கதை இதைவிடப் பழையது, கசப்பும் கூடியது. ஊர்ப் பொதுநிலங்களை வேலி போட்டுத் தனியார் உடைமையாக்கும் சட்டங்கள் இங்கிலாந்தில் வரிசையாக வந்தன. மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய ஏழைகளுக்கு இடமில்லாமல் போயிற்று. அதற்கு ஈடாக, வேலியடைப்பின்போது அவர்களுக்கும் சிறு தோட்டத்துண்டுகள் ஒதுக்க 1845ஆம் ஆண்டுச் சட்டம் வழிவைத்தது. எடுத்தது காடு, கொடுத்தது பாத்தி.

1887இல் இந்தத் தோட்டத்துண்டுகளுக்காக ‘அலாட்மென்ட்’ என்ற பெயரிலேயே பிரிட்டனில் சட்டம் வந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் வந்த டாஸ் சட்டமும் இந்தச் சொல்லைத்தான் பேசியது, நேர் எதிரான காரியத்துக்கு. பூர்வகுடிகள் பொதுவில் வைத்திருந்த நிலத்தைக் குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர் என்று கூறுபோட்டு, மிச்சத்தை ‘உபரி’ என்று வெளியாருக்குத் திறந்துவிட்டார்கள். பூர்வகுடிகள் கையில் சுமார் 13.8 கோடி ஏக்கராக இருந்த நிலம் 1934இல் 4.8 கோடியாகச் சுருங்கியது.

பிரிட்டிஷ் தோட்டத்தின் வழக்கமான அளவு பத்து ‘ராடு’. ராடு என்றால் கோல்; பதினாறரை அடி நீளம். பத்து சதுரக் கோல் நம் கணக்கில் ஆறேகால் சென்ட், சென்னைக்காரருக்கு ஒரு கிரவுண்டைவிடச் சற்றே பெரிது. அதற்குள் ஒரு மரக்கொட்டகை, மழைநீர்ப் பீப்பாய், கூடாரம்போல் சாய்த்துக் கட்டிய கழிகளில் ஏறும் பீன்ஸ், உருளைக்கிழங்கு, வெங்காயம். இரண்டாம் உலகப் போரில் ‘வெற்றிக்காகத் தோண்டு’ என்று அரசே முழங்கியபோது இத்தகைய தோட்டங்கள் சுமார் 14 லட்சமாகப் பெருகின. லண்டன் கோபுரத்தின் வறண்ட அகழியில்கூடக் காய்கறி விளைந்தது.

1908ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆறு வாக்காளர்கள் சேர்ந்து தோட்டம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் உள்ளாட்சி மன்றம் அந்தக் கோரிக்கையைப் பரிசீலித்தே ஆக வேண்டும். ஆனால் இன்று பல ஊர்களில் காத்திருப்போர் பட்டியல் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. இடம் கிடைத்தவர் வேறொன்றும் செய்யலாம்: வியாபாரத்துக்கு இல்லையென்றால் பெட்டைக்கோழியும் முயலும் வளர்க்க 1950ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. சேவல் அந்த உரிமையில் சேராது.