சிறுநீர் காட்டும் முன்னறிவிப்பு

ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் சிறுநீரக நிபுணர் டாக்டர் ஹூய் லாய் சியோங் முதன்மை ஆய்வாளராக இருந்த ஓர் ஆய்வு 2011ஆம் ஆண்டு மேற்கு மலேசியாவில் நடந்தது. பெரியவர்கள் 876 பேரின் ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்ததில், நூற்றில் ஒன்பது பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் 4 விழுக்காட்டினருக்குத்தான் தங்கள் நோய் தெரிந்திருந்தது. 2018ஆம் ஆண்டு மறுபடி பார்த்தபோது நோயாளிகளின் அளவு 15.48 விழுக்காடு. தெரிந்து வைத்திருந்தவர்களோ அப்போதும் 5 விழுக்காடுதான்.

ஏன் தெரிவதில்லை? வலிப்பதில்லை, அதனால்தான்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்து, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றிவிட்டு மீதியை உடலுக்கே திருப்பித் தருகின்றன. சில வடிகட்டிகள் கெட்டால் மற்றவை அந்த வேலையையும் இழுத்துப்போட்டுக்கொண்டு செய்யும். பாதிக்கு மேல் பழுதான பிறகும் ஆள் வழக்கம்போல் வேலைக்குப் போய்வருவார்.

மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்கு வருவோரில் பாதிக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகத்தைக் கெடுத்தது இனிப்புநீர். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. நம் வீடுகளை நேரடியாகத் தொடும் எண் இது. ரத்தத்தில் மிகும் சர்க்கரை வடிகட்டியின் சல்லடையைச் சிதைக்கிறது. உயர் ரத்த அழுத்தம் அந்தச் சிதைவை விரைவுபடுத்துகிறது. கல்லடைப்பு, பரம்பரை நீர்க்கட்டிகள், வடிகட்டிகளின் அழற்சி ஆகியவையும் காரணங்களே. மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகளும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஜாமு எனும் மூலிகை மருந்துகள் சிலவற்றில் இத்தகைய மாத்திரைகளும் ஸ்டீராய்டும் கள்ளத்தனமாகக் கலக்கப்படுவதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது.

சிறுநீரகம் செயலிழந்தால் பாதிப்பு சிறுநீரோடு நிற்காது. எலும்பு மச்சையை ரத்தம் உண்டாக்கத் தூண்டும் ஹார்மோன் குறைந்து சோகை வரும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். வைட்டமின் டி செயல்படும் நிலைக்கு மாறாததால் எலும்பு பலமிழக்கும். நீர் தேங்கிக் கால் வீங்கும், முற்றினால் நுரையீரலிலும் சேரும். தோல் அரிக்கும், வாய் கசக்கும், சோறு இறங்காது. மிக ஆபத்தானது பொட்டாசியம். அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறி நின்றே போகலாம். எல்லாரும் உடலுக்கு நல்லதென்று குடிக்கும் இளநீர் இந்த நோயாளிக்கு ஆகாது என்பது அதனால்தான். ஜொகூரில் விளையும் பெலிம்பிங் எனும் நட்சத்திரப் பழம் இன்னும் கொடியது: அதிலுள்ள நச்சைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு, மயக்கம், மரணம்வரை கொண்டுபோயிருக்கிறது.

நாட்டில் இன்று 50,000க்கும் மேற்பட்டோர் டயாலிசிஸில் இருக்கிறார்கள். இயந்திரத்தில் ரத்தம் சுத்திகரித்துக்கொள்வோர் வழக்கமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். எந்த முதலாளி இத்தனை விடுப்புத் தருவார்? குடும்பத்தின் வருமானமும் உடலோடு சேர்ந்தே சரிகிறது.

இத்தனைக்கும், சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதம் பல ஆண்டுகளுக்கு முன்பே பழுதைக் காட்டிக்கொடுத்துவிடும். இனிப்புநீர் உள்ளவர்கள் ஆண்டுக்கொருமுறை இந்தச் சோதனையையும், ரத்தத்தில் கிரியேட்டினின் அளவையும் அரசுக் கிளினிக்கில் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். அந்தக் கட்டத்தில் பிடிபட்டால், ரத்த அழுத்தத்தைக் குறைத்துச் சிறுநீரகத்தையும் காக்கும் மாத்திரைகளும், அண்மை ஆண்டுகளில் பயனுக்கு வந்துள்ள எஸ்ஜிஎல்டி2 வகை மருந்துகளும் டயாலிசிஸைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட முடியும்.