லாஜிஸ்டிக் வளர்ச்சியும் வகைக்கெழுவும்

மக்கள்தொகை எல்லையின்றிப் பெருகுவதில்லை எனும் கருத்துக்கு 1838-இல் கணித வடிவம் தந்தவர் பெல்ஜிய அறிஞர் வெர்ஹுல்ஸ்ட் ஆவார். அவரது லாஜிஸ்டிக் மாதிரியில் மக்கள்தொகையை ‘ம’ எனவும், அதன் உச்ச எல்லையை ‘எ’ எனவும், வளர்ச்சி மாறிலியை ‘வ’ எனவும் கொள்வோம். காலத்தைப் பொறுத்து ‘ம’ பெறும் வகைக்கெழுவே வளர்ச்சி வீதம். அது வ × ம × (1 − ம/எ) ஆகும்.

இவ்வீதம் எப்போது உச்சம் பெறும்? இதனை ‘ம’வைப் பொறுத்து வகையிட, வ × (1 − 2ம/எ) கிடைக்கும். ம = எ/2 ஆகும்போது இது சுழியமாகும். அதாவது, எல்லையின் பாதியை எட்டும்போதே வளர்ச்சி மிக விரைவாக நிகழ்கிறது. அதன்பின் தொகை கூடினும் வீதம் குறையும்.

1920-இல் ரேமண்ட் பேர்ல், லோவல் ரீட் ஆகிய இருவரும் இம்மாதிரியை அமெரிக்க மக்கள்தொகைக்குப் பொருத்தி, எல்லை ஏறத்தாழ 197 மில்லியன் எனக் கணித்தனர். அதன் பாதி 1914-இலேயே எட்டப்பட்டது என்றும், இனி வீதம் குறையும் என்றும் அம்மாதிரி காட்டிற்று. ஆயினும், 1970-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தொகை 203 மில்லியனைக் கடந்திருந்தது. வகையிடலில் பிழையில்லை; ‘எ’ மாறாதது எனும் எடுகோளே பொய்த்தது. ஆகவே, வகையிடும் முறையோடு எடுகோளை வினவும் பழக்கத்தையும் மாணவர்க்குக் கற்பித்தல் வேண்டும் எனக் கருதுகிறோம்.